பிங்கு என்னும் குடிப்பெயரும் தொண்டைமான் என்னும் பட்டமும்



1915ஆம் ஆண்டு ஆகசுட்டுத் திங்கள் 10ஆம் நாள், ஆத்திரேலிய நாட்டு மெல்போர்ன் நகரத்துத் திருமணப் பதிவேடு ஒன்றில் இரண்டு பெயர்கள் அடுத்தடுத்து ஏறின. ஒன்று, புதுக்கோட்டை மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமானின் பெயர். மற்றொன்று, எசுமி மேரி சோரெட்டு பிங்கு என்னும் நங்கையின் பெயர். அந்நங்கையை மோலி என்றே யாவரும் அழைத்தனர். மன்னர்க்கு அகவை 39. மோலி இருபதை ஒட்டிய இளையர். வழக்கறிஞர் வோல்பு பிங்கு என்பாரின் மகள்.

மன்னர் ஒருவர் வெள்ளைக்காரப் பெண்ணை மணந்த கதை என்று இதனைப் புதுக்கோட்டைப் பக்கத்து முதியோர் நெடுங்காலம் சொல்லிவந்தனர். அழகும் செல்வமும் விருந்தும் ஒளிப்படமுமாக இதைச் சொல்வோர் பலர். அப்பதிவேட்டில் ஏறிய பெயர்களின் வழியே இதனை நோக்கினோர் சிலரே. பெயரைப் பற்றிய வழக்கே இக்கதையின் உள்ளீடு. யார் எந்தப் பெயரைத் தாங்கலாம், அதனை ஒப்புவோர் யார், மறுப்போர் யார் என்பதிலேதான் ஓர் ஆட்சியின் முடிவும், ஒரு பிள்ளையின் வாழ்வும், ஒரு பெண்ணின் மதிப்பும் தொங்கின.

முதற்கண் பிங்கு என்னும் பெயரைக் காண்போம். அது செருமானியச் சொல். பொருள் வேறொன்றுமன்று, ஒரு சிறு குருவி. அடித்த அலகும் துள்ளும் நடையுமாய் ஐரோப்பியத் தோப்புகளில் கூவித் திரியும் கூலந்தின் குருவியினம் அது. பழஞ்செருமானியத்தில் பிங்கோ என்றும், இடைக்காலத்தில் விங்கே என்றும் வழங்கிற்று. ஒல்லாந்தர் நாவில் அதுவே விங்கு. ஆங்கிலர் வாயில் ககரம் சகரமாகிப் பிஞ்சு ஆயிற்று. இவ்விடத்து ஓர் எச்சரிக்கை வேண்டும். ஆங்கிலப் பிஞ்சைக் கண்டதும் மாம்பிஞ்சையும் கத்தரிப்பிஞ்சையும் நினைந்து, இதுவும் தமிழே என்று துள்ளுவோர் உளர். அது வேர்ச்சொல்லாய்வு ஆகாது, விளையாட்டு. தமிழின் பெருமைக்கு அத்தகைய முட்டுக்கட்டைகள் தேவையில்லை.

அக்குருவிக்கு அப்பெயர் எங்ஙனம் வந்தது? அதன் குரலினின்றே வந்தது என்பர். அது 'பிங்க், பிங்க்' என்றே ஒலிக்கும். காக்கை தன் குரலால் காக்கை ஆனதுபோல, கூகை கூவலால் கூகை ஆனதுபோல, அக்காக்குருவியும் குக்குறுவானும் தத்தம் பெயரைத் தாமே சொல்லிக்கொள்வதுபோல, பிங்கும் தன் பெயரைத் தானே கூவியது. செருமானியர் அப்பெயரின் முதலொலியை மேற்பல்லும் கீழிதழும் உராய ஒலிப்பர். தமிழில் அவ்வொலி இல்லை. தமிழர் அதைப் பகரமாக்கியே சொல்வர். இதனைக் குறையென்று நாணித் தமிழெழுத்தின் தலையில் ஆய்தத்தைச் சுமத்துவோர் ஒன்றை அறிதல் வேண்டும்: ஆங்கிலச் சிற்றூரார் பலரும் அக்குருவியைப் பகரத்தால்தான் அழைத்தனர். இக்குருவிப் பெயரடியாகவே ஆங்கிலரிடைப் பிங்கு, இசுபிங்கு என்னும் குடிப்பெயர்களும் தோன்றின. ஆகலின் தமிழ் ஒலிப்பு, குருவியின் ஒலிப்புக்குச் செருமானியத்தைவிட அண்மையிலேயே நிற்கிறது.

ஒரு குருவியின் பெயர் மாந்தர்க்கு ஏன் வந்தது? சுறுசுறுப்பாய்த் துள்ளித் திரிவோனை அயலார் அங்ஙனம் அழைத்திருப்பர். குருவி பிடித்து விற்றவனுக்கும் அப்பெயர் வந்திருக்கும். வீட்டு முகப்பில் குருவி உருவம் தீட்டியிருந்தமையாலும் சில குடிகள் அப்பெயர் பெற்றன. முதலில் ஒருவனுக்கு வந்த பட்டப்பெயர், பின்னர் அவன் மக்களுக்கும் மக்களின் மக்களுக்கும் ஒட்டிக்கொண்டது. ஐரோப்பியக் குடிப்பெயர்களில் பெரும்பாலன இங்ஙனம் பிறந்தவையே. ஊர்ப்பெயர் ஒருவகை, தொழிற்பெயர் ஒருவகை, தந்தைபெயர் ஒருவகை, பட்டப்பெயர் ஒருவகை. பிற்காலத்தில் புதுக்கோட்டையின் ஆட்சிப்பொறுப்பில் அமர்ந்த அலெக்சாண்டர் தாட்டன்காம் என்பாரின் பெயர் இலண்டனை அடுத்திருந்த ஓர் ஊரின் பெயரே. மோலியின் தந்தை பெயரைப் பிரித்தால் வோல்பு என்பது ஓநாய். பிங்கு என்பது குருவி. பொருள் தெரியாதபோது அயற்பெயர் அச்சமும் பெருமிதமும் ஊட்டுகிறது. பொருள் தெரிந்தபின் அது நம் ஊர்த் தெருவில் நிற்கும் பெயர்போல் ஆகிவிடுகிறது.

இப்பெயரைத் தாங்கியோர் பலர். தென்மார்க்கு நாட்டுக் கணக்கறிஞர் தாமசு பிங்கே 1583இல் வெளியிட்ட வட்டக் கணக்கு நூலில்தான் கோணக் கணக்கின் தேஞ்சண்டு, சீக்கண்டு என்னும் குறியீட்டுச் சொற்கள் முதன்முதல் ஆளப்பெற்றன. செருமனியில் 1827இல் பிறந்து அமெரிக்கா சென்ற ஆல்பர்ட்டு பிங்கு இரும்புப் பாலங்கள் அமைத்தவர். அவர் பெயரால் வழங்கும் முக்கோணச் சட்டக் கட்டமைப்பைக் கூரை வேலையில் இன்றும் காணலாம். மெய்யியல் அறிஞர் ஆய்கன் பிங்கு 1905 முதல் 1975 வரை வாழ்ந்தவர். இலண்டனில் புனித பெனட்டு பிங்கு என்றொரு தேவாலயம் இருந்தது. அதனை இடைக்காலத்தில் புதுக்கிக் கட்டிய இராபர்ட்டு பிங்கு என்பாரின் பெயரே அதற்கு ஒட்டாயிற்று. பின்னாளில் கர்தினாலாகிய நியூமன் 1801இல் அங்குத்தான் திருமுழுக்குப் பெற்றார். அத்தேவாலயம் 1840களில் இடிக்கப்பட்டது. அமெரிக்கத் தெருப்பேச்சிலோ இச்சொல் காட்டிக்கொடுப்போனையும் வேலைநிறுத்தத்தை முறிப்போனையும் குறிக்கும் வசைச்சொல்லாயிற்று. குருவி செய்த பிழை யாதோ!

மெல்போர்ன் நகரத்துப் பிங்குகள் யூதர் குடியினர். அக்குடியைச் சேர்ந்த தியோடர் பிங்கு ஆங்கிலக் கால்வாயிலுள்ள கேர்ன்சித் தீவில் 1855இல் பிறந்து ஆத்திரேலியாவில் குடியேறியவர். வழக்கறிஞர், சட்டமன்றத்தார், செய்தித்தாள் நிறுவனத் தலைவர். 1899 முதல் 1901 வரை விக்டோரிய மாநிலத்துத் தொழிற்கல்வியை ஆராய்ந்த குழுவுக்குத் தலைவராயிருந்து அந்நாட்டுக் கல்விமுறையை மாற்றியமைக்கத் தூண்டியவர்.

யூதர் என்றவுடன் குடிப்பெயரின் மறுபக்கம் ஒன்று புலனாகிறது. நடு ஐரோப்பிய யூதர்க்குப் பண்டு பெரும்பாலும் நிலைத்த குடிப்பெயர் கிடையாது. தன் பெயர், அதனொடு தந்தை பெயர், அவ்வளவே. இன்னான் மகன் இன்னான் என்பதே அவர்கள் வழக்கு. தமிழர் தந்தையின் முதலெழுத்தைத் தம் பெயர்க்கு முன் இடுகின்றனரே, அதே முறை. வரிதண்டவும் படைக்கு ஆளெடுக்கவும் இது போதாது என்று அரசுகள் கருதின. ஆத்திரியப் பேரரசன் இரண்டாம் சோசப்பு 1787இல் தன் ஆட்சிக்குட்பட்ட யூதர் அனைவரும் நிலைத்த செருமானியக் குடிப்பெயர் தாங்குக என ஆணையிட்டான். நெப்போலியன் 1808இலும், பிரசிய அரசு 1812இலும் அவ்வழியே சென்றனர். அலுவலர் எழுதுகோலோடு அமர்ந்தனர். மலர், மணி, மரம், பறவை என்று பெயர்கள் பதிவேட்டில் ஏறின. ஒரு குடியின் பெயரை இன்று கேட்போர் அதன் பழமையை வியக்கின்றனர். அப்பழமை சிலவிடத்து ஓர் எழுத்தரின் ஒரு முற்பகல் வேலையே.

இது தமிழ் மண்ணிலும் நிகழ்ந்தது. 1881 செப்டம்பர் 21ஆம் நாள் பிரஞ்சு அரசு புதுச்சேரி முதலிய தன் ஆட்சிப் பகுதியினர்க்கு ஓர் ஆணை விடுத்தது. தம் மரபு வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரஞ்சுக் குடிமைச் சட்டத்தை மேற்கொள்வோர் ஒரு குடிப்பெயரையும் மேற்கொள்ளல் வேண்டும் என்பது அது. பலர் பிரஞ்சுச் சொற்களையே பெயராகச் சூடினர். வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை இலபோர்த்து என்னும் பெயரை ஏற்றார். அச்சொல்லின் பொருள் கதவு. பொன்னுத்தம்பி என்னும் பெயரின் இனிமைக்கு அக்கதவு எதனைக் கூட்டிற்று? சட்டத்தின் வாயில் திறந்தது என்று விடை கூறுவோர் கூறுக.

அவ்வாறாயின் தமிழர்க்குக் குடிப்பெயரே இல்லையா என்று கேட்பார்க்குப் புதுக்கோட்டை மண்ணே விடை தருகிறது. புதுக்கோட்டைப் பகுதியின் ஒரு பெரும்பங்கு பண்டு கோனாடு எனப்பட்டது. அந்நாட்டு எறிச்சலூரினர் ஒருவர் புறநானூற்றில் பாடியுள்ளார். அவர் பெயர் கோனாட்டு எறிச்சலூர் மாடலன் மதுரைக் குமரனார். நாடு இது, ஊர் இது, குடி இது, வாழ்ந்த நகர் இது, இயற்பெயர் இது என்று ஒரே தொடரில் நிரல்பட நிற்கின்றன. ஒல்லையூர் தந்த பூதப்பாண்டியன் என்னும் பெயரிலும், ஒல்லையூர் கிழான் மகன் பெருஞ்சாத்தன் என்னும் பெயரிலும் திருமயம் வட்டத்து ஊர் ஒன்று வாழ்கிறது. காக்கையைப் பாடியமையால் நச்செள்ளையார் காக்கைபாடினியார் ஆனார். ஐரோப்பியன் குருவியைக் குடிக்குச் சூட்டினான். தமிழன் பறவையைப் பாட்டுக்காகப் புலவர்க்குச் சூட்டினான். பெயர் விரியும், சுருங்கும், ஆளுக்கேற்ப மாறும். இயற்பெயரே உயிர், மற்றவை அடை. இம்முறையை ஒழுங்கின்மை என்பது தவறு. இது வேறோர் ஒழுங்கு. பிற்காலத்தே சாதிப்பட்டங்கள் பெயரின் வாலில் வந்து ஒட்டின. 1929இல் செங்கற்பட்டில் கூடிய தன்மான இயக்க மாநாடு அவ்வாலை அறுக்குமாறு தீர்மானித்தது. அறுத்தபின் எஞ்சியது தமிழரின் பழைய முறையே.

இனி, தொண்டைமான். புதுக்கோட்டை அரசர் பெயர்களில் வடசொல் மலிந்திருந்தது. மார்த்தாண்டன் என்பது பரிதி. அரசர்தம் பட்டத்திலோ பிரகதாம்பாளின் அடியார் என்று பொருள்படும் வடமொழித் தொடர் இடம்பெற்றது. பெரியநாயகி என்று தமிழில் சொல்லியிருந்தால் திருக்கோகர்ணத்து அம்மை சினந்திருப்பாளோ? அவர்கள் அச்சிட்ட அம்மன் காசின் மறுபுறத்திலும் தெலுங்கெழுத்தே இருந்தது. இத்தனைக்கும் நடுவில் அசையாது நின்ற தமிழ்ச்சொல் தொண்டைமான் ஒன்றே. தொண்டை என்பது ஒரு கொடி. கோவையையும் ஆதொண்டையையும் அப்பெயரால் குறிப்பர். சேரமகன் சேரமான் ஆனதுபோல், அதியமகன் அதியமான் ஆனதுபோல், தொண்டையர்மகன் தொண்டைமான் ஆனான். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பெரும்பாணாற்றுப்படையில் பாடிய தலைவன் தொண்டைமான் இளந்திரையன். கலிங்கம் வென்ற கருணாகரத் தொண்டைமானும், அறந்தாங்கியில் ஆண்ட தொண்டைமான்களும் அப்பெயரைத் தாங்கினர். ஆக, அம்மெல்போர்ன் பதிவேட்டில் சந்தித்தவை ஒரு கொடியின் பெயரும் ஒரு குருவியின் பெயருமே.

சந்திப்பு எளிதாயிற்று, அதன்பின் நடந்ததுதான் கொடிது. மணமக்கள் புதுக்கோட்டை வந்தனர். சில திங்களே தங்கினர். ஆங்கில அரசு மோலிக்கு அரசியென்னும் பட்டத்தை ஒப்ப மறுத்தது. ஆங்கில அலுவலர் அரண்மனையில் அவரை அரசியாக ஏற்று வணங்கலாகாது என்பது அதன் கருத்து. அரண்மனைச் சுற்றத்தாரும் குருதித் தூய்மை பேசி முகந்திருப்பினர். மோலி கருவுற்றிருந்த காலத்தில் உடல்நலம் குன்றினார். நஞ்சிட்டனர் என்னும் ஐயமும் எழுந்தது. 1916இல் இருவரும் மீண்டும் ஆத்திரேலியா சென்றனர். அவ்வாண்டு சூலை 22ஆம் நாள் சிட்னி நகரில் ஓர் ஆண்மகவு பிறந்தது. மறைமலையடிகளார் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கியதும் அதே 1916.

பிள்ளைக்கு இட்ட பெயர் மார்த்தாண்ட சிட்னி தொண்டைமான். முதற்பகுதி வடமொழி, நடுப்பகுதி பிறந்த ஊர், கடைப்பகுதி தமிழ்க்கொடி. சிட்னி என்னும் அவ்வூர்ப்பெயரும் உண்மையில் ஓர் ஆங்கிலக் குடிப்பெயரே. 1788இல் அங்குக் குடியேற்றம் அமைத்தோர், சிட்னிப் பெருமகன் என்னும் பட்டம் பூண்டிருந்த ஆங்கில அமைச்சர் தாமசு டவுன்செண்டின் பட்டத்தை ஊர்க்கு இட்டனர். ஆகத் தாயின் குடிப்பெயர் பிள்ளையின் பெயரில் இல்லை. தொடர்பற்ற ஓர் ஆங்கிலக் குடிப்பெயர் மட்டும் ஊர்வழியாக வந்து உட்கார்ந்துகொண்டது.

அப்பிள்ளைக்கு அரசுரிமை உண்டா? ஆங்கில அரசு இல்லையென்றது. இவ்விடத்து நச்சினார்க்கினியர் கூறும் பழங்கதை ஒன்றை நினைதல் தகும். நாகப்பட்டினத்துச் சோழன் ஒருவன் நாகநாடு சென்று நாகர்மகளைக் கூடினான். பிறக்கும் மகன் எங்ஙனம் உன்னை அடைவான் என்று அவள் வினவினாள். தொண்டைக் கொடியை அடையாளமாகக் கட்டிக் கடலில் விடுக. கரைசேர்ந்து வருவானாயின் அரசுரிமையெய்தற்கு உரியவனாக்கி அவனுக்கு நாடு தருவேன் என்றான் சோழன். பிள்ளை வந்தான். திரை தந்தமையால் திரையன்; தொண்டை அணிந்தமையால் தொண்டைமான். அக்கதை நிகழ்ந்ததோ புனைந்ததோ, அதனைச் சொன்னோர் நெஞ்சில் இருந்த முறை தெளிவு. கடல்கடந்த தாயின் மகன் என்பதனாலேயே தொண்டைமான் என்னும் பெயர் பிறந்தது. அயல்தாயின் பிள்ளையை ஏற்ற செயலின் நினைவுச்சின்னம் அப்பெயர். அப்பெயரைத் தாங்கிய நாட்டில்தான் 1916இல் கடலுக்கு அப்பால் பிறந்த பிள்ளை, தாய் அயலாள் என்பதனால் தொண்டைமான் ஆகான் என்று தள்ளப்பட்டான். தள்ளியோர் தமிழ் மரபைக் காத்ததாகச் சொன்னால் அது பொய். கறுப்பும் வெள்ளையும் ஒரு மணையில் அமரலாகாது என்பதே இலண்டனின் கவலை.

மன்னரின் பக்கமே அறமெல்லாம் நின்றது என்றும் கொள்ளற்க. 1902இல் மக்கட் சார்பாளர் அவை ஒன்றை அமைத்தவர் அவர். எனினும், புதுக்கோட்டைக் குடிகள் வானம் பார்த்த புன்செய்யில் உழைத்துக் கட்டிய வரியில் ஒருபகுதி, ஐரோப்பிய விடுதிகளிலும் குதிரைப் பந்தயங்களிலும் கரைந்தது. கண்மாய் தூர்ந்த ஊர்களுக்கு மன்னரின் காதல் என்ன பயன் தந்தது? 1922இல் உடன்பிறந்தார் இரகுநாதப் பல்லவராயரிடம் ஆட்சிப்பொறுப்பு சேர்ந்தது. மன்னர் பிரான்சு நாட்டுக் கான் நகரில் குடும்பத்துடன் வாழ்ந்து, 1928 மே 28ஆம் நாள் பாரிசில் காலமானார். உடலைப் புதுக்கோட்டைக்குக் கொணர அரசு இசையவில்லை. இலண்டன் கோல்டர்சு கிரீன் எரிகாட்டில் எரியூட்டினர். அவ்வாண்டே ஆறு அகவைச் சிறுவர் இராசகோபாலத் தொண்டைமானை அரியணை ஏற்றினர். அவர் காலத்தில், 1948 மார்ச்சு 3ஆம் நாள், அந்நாடு சென்னை மாநிலத்தோடு இணைந்தது. பட்டத்துக்கான வழக்கின் பொருளே அன்றோடு இல்லாமற் போயிற்று. 1974இல் புதுக்கோட்டை தனி மாவட்டமானது. அரண்மனை மாவட்ட ஆட்சியர் அலுவலகமாய் நிற்கிறது.

அவ்வலுவலகம் போன்ற இடங்களிலும், கடவுச்சீட்டு அலுவலகங்களிலும் இன்று தமிழன் முன் ஒரு படிவம் வைக்கப்படுகிறது. அதில் இயற்பெயர்க்கு ஒரு கட்டம், குடிப்பெயர்க்கு ஒரு கட்டம். இரண்டாம் கட்டத்தில் தந்தையின் பெயரை எழுதுகிறான். வெளிநாட்டில் அவனைத் தந்தை பெயராலேயே அழைக்கின்றனர். கனடாவிலும் பிரான்சிலும் குடியேறிய ஈழத்தமிழர் வீடுகளில், பாட்டனின் இயற்பெயர் பேரனின் குடிப்பெயராய் உறைந்துவிட்டது. மருமகளும் அறிமுகமேயில்லாத அம்முதியவர் பெயராலேயே அழைக்கப்படுகிறாள். சோசப்பின் எழுத்தர் இன்னும் எழுந்து போகவில்லை. எழுதுகோலை வைத்துவிட்டுக் கணிப்பொறி முன் அமர்ந்திருக்கிறார். 2021இல் தமிழ்நாட்டரசு பெயரின் முன்னெழுத்தையும் தமிழிலேயே எழுதும் நடைமுறையை அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் வலியுறுத்தியது. முன்னெழுத்தையே ஆங்கிலத்தில் எழுதிப் பழகிய கைகள் அதற்கும் தயங்குகின்றன. அக்கைகளுக்கு மறைமலையடிகளையும் பரிதிமாற் கலைஞரையும் நினைவூட்டுதல் வீண்போகாது. மார்த்தாண்டனும் பரிதியும் ஒன்றே என்பதைச் சூரியநாராயணராய் இருந்தவர்தாம் பெயரில் எழுதிக் காட்டினார்.

மோலி கணவர்க்குப் பின் 39 ஆண்டுகள் உயிர் வாழ்ந்து 1967 நவம்பரில் கான் நகரில் மறைந்தார். அவர் சாம்பலும் கோல்டர்சு கிரீனில் கணவர் சாம்பலோடு சேர்க்கப்பட்டது. அவர்தம் வரலாற்றை ஆத்திரேலிய எழுத்தாளர் எட்வர்டு துய்க்கரும் கோரலி யங்கரும் 1991இல் நூலாக்கினர். திருமணத்துக்குப் பின் 52 ஆண்டுகள் அவர் தொண்டைமான் குடியினராகவே தம்மைக் கருதி வாழ்ந்தார். ஆயினும் ஆங்கில ஏடுகளும் சரி, புதுக்கோட்டைப் பேச்சும் சரி, அவரை மோலி பிங்கு என்றே சொல்கின்றன.